புலி தானே எடுத்துக்கொண்ட போட்டோ

மயிலாப்பூரில் இன்றைக்கு டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை என்று நாம் சொல்லும் தெருவுக்கு அந்தக் காலத்தில் எட்வர்ட் எலியட்ஸ் ரோடு என்று பெயர். அங்கே 'பெருங்குளம் ஹவுஸ்' என்ற வீட்டில் வாழ்ந்தவர் மா.கிருஷ்ணன். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ.மாதவையாவின் மகன். 1950-ல் 'ஸ்டேட்ஸ்மேன்' பத்திரிகையில் காட்டுயிர் பற்றி ஒரு பத்தி எழுத ஆரம்பித்து, 1996-ல் கண்மூடும்வரை விடாமல் எழுதிய மனிதர்!

கிருஷ்ணன் படம் எடுத்ததெல்லாம் கறுப்பு-வெள்ளையில்தான். காட்டுக்குள் நடந்து போவார், அல்லது யானை மேல் உட்கார்ந்து போவார். அவருடைய கேமராவை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. ஒன்றின் உடம்பு, இன்னொன்றின் லென்ஸ் என்று அவரே பொருத்திக்கொண்ட பூதம் அது. அதற்கு அவர் வைத்த செல்லப் பெயர் 'சூப்பர் பாண்டரோசா'. பெயரைக் கேட்டாலே தோள் வலிக்கிறது, இல்லையா?

இதற்கு நேர் எதிரான கேமரா ஒன்று உண்டு. அதை இயக்க ஆளே தேவையில்லை. மரத்தில் கட்டிவிட்டு வந்து வீட்டில் தூங்கலாம். மிருகம் அந்தப் பக்கம் வந்து, தன்னைத்தானே படம் எடுத்துக்கொண்டு போய்விடும்! அமெரிக்காவில் இதற்கு ட்ரெயில் கேமரா என்று பெயர். நம் வனத்துறையினர் கேமரா ட்ராப் என்பார்கள். செய்தித்தாள்களில் 'தானியங்கி கேமரா'. அமெரிக்காவில் வேட்டை சீஸன் தொடங்கும் முன்பே கடைக்குப் போய் இதை வாங்கிவிடுவார்கள். கொம்பு பெருத்த மான் எந்தத் தடத்தில், எத்தனை மணிக்கு வருகிறது என்று உளவு பார்க்கத்தான்.

நம் ஊரில் வேட்டை சீஸனே கிடையாதே, இந்தக் கேமரா இங்கே எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அதில்தான் சரித்திரம் இருக்கிறது.

முதலில் ஒரு திருத்தம். சீஸன் இங்கேயும் இருந்தது. நீலகிரியில் 1877-லேயே வேட்டைக்கார துரைமார்கள் சங்கம் அமைத்துவிட்டார்கள். 1879-ல் சட்டமும் வந்தது. எப்போது சுடலாம், எப்போது கூடாது, யாருக்கு லைசென்ஸ் என்றெல்லாம் ஒழுங்கு செய்தார்கள். அப்போது உளவு பார்த்த 'கேமரா' யார் தெரியுமா? உள்ளூர் ஷிகாரிகள். குளம்படி, எச்சம், மரத்தில் நகக்கீறல் என்று ஒவ்வொன்றாகப் படித்து, துரையைக் கொண்டுபோய்ச் சரியான இடத்தில் உட்காரவைப்பார்கள். சுவரில் தொங்கும் தலைக்குக் கீழே துரையின் பெயர் மட்டும் இருக்கும்!

1972-ல் வந்த காட்டுயிர் பாதுகாப்புச் சட்டம் இதற்கெல்லாம் கடிவாளம் போட்டது. லைசென்ஸ் வாங்கிக்கொண்டு ஆட மிச்சமிருந்த வேட்டையையும் 1991 திருத்தம் முடித்துவைத்தது.

சரி, கேமரா எங்கே பிறந்தது? ஜார்ஜ் ஷைராஸ் என்று ஓர் அமெரிக்கர். வக்கீல், பிறகு அரசியல்வாதி, அதற்கெல்லாம் முன்பே வேட்டைக்காரர். இரவில் படகின் முனையில் தீ வளர்த்து, வெளிச்சத்தில் மிரண்டு நிற்கும் மானைச் சுடுகிற கலையைப் பழங்குடிகளிடம் கற்றவர். ஒரு கட்டத்தில் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, அதே படகில் கேமராவையும் மின்னல் வெளிச்சப் பொடியையும் ஏற்றினார். அடுத்த படி, தடத்தின் குறுக்கே ஒரு கம்பி. மான் தடுக்கியதும் 'டமார்' என்று வெளிச்சம்... படம் ரெடி! 1906 ஜூலையில் 'நேஷனல் ஜியாக்ரபிக்' அவருடைய 74 படங்களை வெளியிட்டது. 'பத்திரிகையைப் படப்புத்தகம் ஆக்கிவிட்டீர்களே' என்று நிர்வாகக் குழுவில் இரண்டு பேர் ராஜினாமா செய்தார்கள்!

இந்தியாவில் இந்த வித்தையைக் காட்டியவர் எஃப்.டபிள்யூ.சாம்பியன் என்ற வன அதிகாரி. இமயமலை அடிவாரக் காடுகளில் கம்பி கட்டி, இரவில் நடக்கும் புலியைப் படம் பிடித்தார். 1927-ல் அவருடைய புத்தகம் வந்தது. புலியைச் சுடுவதைவிடப் படம் எடுப்பது பெரிய சவால் என்று நம்பியவர். ஜிம் கார்பெட் கேமராவுக்கு மாறியதில் இவருக்குப் பெரிய பங்குண்டு.

ஆக, துப்பாக்கியை விட்டவர்களின் கருவி இது. இருபதாம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்க மான் வேட்டைக்காரர்களின் கைக்கு அதே கருவி திரும்பிப் போனது, நவீனமாக! கம்பிக்குப் பதில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். 1990-களின் தொடக்கத்தில் அந்த வேட்டைச் சரக்கையே வாங்கி, கர்நாடகத்தின் நாகரஹொளெ காட்டில் பொருத்தினார் உல்லாஸ் காரந்த். சுடுவதற்கு அல்ல, எண்ணுவதற்கு.

எப்படி எண்ணுவது? மயிலை தெப்பக்குளத்து மீன்களை எண்ண வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். (நிஜமாக வலையோடு இறங்கிவிடாதீர்கள்!) 50 மீன்களைப் பிடித்து அடையாளம் போட்டு விடுகிறோம். மறுநாள் 50 பிடித்தால் அதில் 10 மீன்களிடம் அடையாளம் இருக்கிறது. அதாவது ஐந்தில் ஒன்று. அப்படியானால் குளத்தில் சுமார் 250 மீன்கள். புலிக்கு அடையாளம் போட வேண்டிய அவசியமே இல்லை. நம் கைரேகை மாதிரி, ஒரு புலியின் வரி இன்னொரு புலிக்கு இருக்காது. காரந்த் 1995-ல் இந்தக் கணக்கை ஆய்விதழில் வெளியிட்டார்.

அரசாங்கமோ 1966-ல் ஒரிஸ்ஸா வன அதிகாரி எஸ்.ஆர்.சௌத்ரி உருவாக்கிய காலடித்தட முறையை விடவில்லை. விளைவு? ராஜஸ்தானின் சரிஸ்காவில் புலிகள் இருப்பதாகக் காகிதம் சொல்லிக்கொண்டிருந்தது. 2005-ல் தேடிப் பார்த்தால் ஒன்றுகூட இல்லை! கள்ள வேட்டைக்காரர்கள் துடைத்துவிட்டிருந்தார்கள். அதற்குப் பிறகுதான் நாடு முழுக்க கேமரா வந்தது. 2018-19 கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கேமரா வைத்தார்கள். விழுந்த படங்கள் 3 கோடியே 48 லட்சத்துக்கும் மேல். அதில் புலி இருந்தது 76,651-ல்தான். ஆயிரம் படத்துக்கு இரண்டு! மற்றதெல்லாம் மான், பன்றி, மாடு, மனிதர், காற்றில் ஆடிய புல்.

தமிழகத்தில் 2006-ல் 76 என்று மதிப்பிடப்பட்ட புலிகள் 2022-ல் 306.

அப்படியானால் எந்தக் கேமராவைத் தேர்ந்தெடுப்பது? விலைப்பட்டியலில் மெகாபிக்ஸல்தான் கொட்டை எழுத்தில் இருக்கும். காட்டில் அதைவிட முக்கியமானது வேகம். மிருகம் தெரிந்ததிலிருந்து படம் விழ ஒரு நொடி தாமதித்தால் வால் மட்டும்தான் மிஞ்சும். அடுத்தது உணர்கருவி. சுற்றுப்புறத்தைவிடச் சூடான உடம்பு ஒன்று நகர்ந்தால் அது விழித்துக்கொள்ளும். நம் ஊர் அக்னி நட்சத்திர மத்தியானத்தில் தரையும் மானும் ஏறக்குறைய ஒரே சூடு... கருவி குழம்பிவிடும். மூன்றாவது ஃப்ளாஷ். வெள்ளை வெளிச்சத்தில் வரிகள் பளிச்சென்று விழும், ஆனால் கேமரா இருக்கும் இடத்தைத் திருடனுக்கும் காட்டிக்கொடுக்கும். அகச்சிவப்பு வெளிச்சம் யாருக்கும் தெரியாது. ஆனால் படம் கறுப்பு-வெள்ளை, ஓடும் மிருகம் கலங்கலாக விழும். அதனால் புலியை எண்ணுகிறவர்கள் வெள்ளை ஃப்ளாஷையும், கள்ள வேட்டைக்காரனைப் பிடிக்க நினைப்பவர்கள் அகச்சிவப்பையும் விரும்புவார்கள். புலிக்கு இடப்பக்க வரி வேறு, வலப்பக்க வரி வேறு. எனவே தடத்தின் இருபுறமும் எதிரெதிராக இரண்டு கேமரா. யானை மிதித்தால் தாங்க இரும்புப் பெட்டி. அதையும் மீறி யானை மிதிக்கும்!

இந்த விவகாரத்தில் உயிர் பணயமான நாளும் வந்தது. 2021-ல் கூடலூர், மசினகுடி பகுதியில் நான்கு பேரைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட டி-23 புலியைச் சுட்டுப் பிடிக்க உத்தரவு போட்டார்கள். விஷயம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. உடனே கொல்ல வேண்டாம் என்றது நீதிமன்றம். காடெங்கும் கேமராக்கள். விழுந்த ஒவ்வொரு படத்திலும் ஒரே கேள்வி... இது அந்தப் புலிதானா, வேறு புலியா? கடைசியில் அக்டோபர் 15-ம் தேதி மயக்க ஊசி போட்டு உயிரோடு பிடித்து மைசூருக்கு அனுப்பினார்கள். துரைமார் காலமாக இருந்தால், முதலில் எதிரே வந்த புலி செத்திருக்கும். ஊர் நிம்மதியாகத் தூங்கப் போயிருக்கும், குற்றவாளி வெளியே உலாவிக்கொண்டிருக்கும்.

இன்னொரு வேடிக்கை. வேட்டை சட்டப்படி நடக்கும் அமெரிக்காவின் அரிஸோனா மாநிலத்தில், 2022 ஜனவரி முதல் வேட்டைக்கு ட்ரெயில் கேமரா பயன்படுத்தத் தடை! மிருகத்துக்கும் தப்பிக்க ஒரு வாய்ப்பு வேண்டாமா என்பது அவர்கள் கேள்வி. வேட்டை கூடாத நாட்டில் கேமராவுக்கு வரவேற்பு, வேட்டை நடக்கும் ஊரில் கேமராவுக்குப் பூட்டு.

இங்கே எல்லாம் சரியாக இருக்கிறதா? இல்லை. கார்பெட் காட்டைப் பற்றி 2024-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று வெளிவந்தது. விறகு பொறுக்கப் போகும் பெண்கள், கேமரா தங்களைப் பார்க்கிறது என்று அஞ்சி, பாட்டையும் பேச்சையும் குறைத்துக்கொண்டார்களாம். மிருகங்களை விலக்கி வைக்கத்தான் அவர்கள் சத்தமாகப் பாடிக்கொண்டு போவது வழக்கம். கேமராவுக்குப் பயந்து வாயை மூடினால், புலிக்குப் பக்கத்தில் போய் நிற்க வேண்டிவரும்.

சாலையோரம் நின்று மணிக்கணக்காகக் காத்திருக்கும் போட்டோகிராபருக்கு எதை எடுக்கலாம், எதை விடலாம் என்று தெரியும். மரத்தில் கட்டிய பெட்டிக்கு அது தெரியாது. புலி, மான், விறகுக் கட்டு சுமந்த பெண் எல்லாமே அதற்குச் சூடான உடம்புதான். ஆகவே கேமரா வாங்கும் அதிகாரியோ ஆராய்ச்சியாளரோ கடைக்காரரிடம் வேகத்தையும் ஃப்ளாஷையும் விசாரிக்கட்டும். தங்களிடமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று பாக்கி இருக்கிறது: அந்த மெமரி கார்டை எடுத்துப் பார்க்கப்போவது யார்?