ஏபிஎஸ் விளக்கு: மூன்று விநாடியின் வரலாறு

பி.காம். படிக்கிறவனுக்கு கார் பிரேக்கில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். காரணம் இருக்கிறது.

சித்தப்பா ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு பழைய கார் வாங்கினார். 2008 மாடல். விற்றவர் டேஷ்போர்டைக் காட்டி, "ஒரு வார்னிங் லைட் எரியுதான்னு பாருங்க சார், வண்டி அவ்வளவு சுத்தம்" என்றாராம். உண்மைதான், ஒன்றும் எரியவில்லை. போன மாதம் மழையில், கோயமுத்தூர் அவினாசி ரோட்டில், குறுக்கே வந்த ஒரு ஸ்கூட்டருக்காக சித்தப்பா பிரேக்கை அழுத்தினார். சக்கரங்கள் பூட்டிக்கொண்டு, ஸ்டீயரிங்கைத் திருப்பியும் கேட்காமல், வண்டி நேராக வழுக்கிப் போய் நடுத்திட்டில் முட்டி நின்றது. நல்லவேளை யாருக்கும் அடியில்லை. பின் சீட்டில் சித்தியும் தங்கச்சியும் இருந்தார்கள்.

ஏபிஎஸ் உள்ள வண்டி இப்படி வழுக்கலாமா? மெக்கானிக் அண்ணன் இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஒரு கட்டம் திருப்பிப் பார்த்தார். "மத்த லைட்டெல்லாம் வருதுங்க. ஏபிஎஸ் லைட் மட்டும் வரவே இல்லீங்களே" என்றார். மீட்டரைக் கழற்றினால், அந்தச் சின்ன விளக்கின் மேல் அழகாக வெட்டி ஒட்டிய கறுப்பு டேப்!

அன்று இரவு முழுக்க அந்த விளக்கைப் பற்றித்தான் படித்தேன். அது எப்படி வந்தது என்ற கதை நான் நினைத்ததைவிடப் பெரியதாக இருந்தது.

சக்கரம் சுழல்வதை நிறுத்திவிட்டால் டயர் சாலையில் தேய்ந்துகொண்டு போகும், ஸ்டீயரிங்கால் பயன் இருக்காது. சக்கரம் பூட்டப்போகும் நேரத்தில் பிரேக்கைக் கொஞ்சம் விட்டு, மறுபடி பிடித்து, மறுபடி விட்டால் பிடிமானம் போகாது. இந்த யோசனை பழசு. முதலில் பயன்பட்டது விமானங்களில்தான். 1950களில் பிரிட்டனின் டன்லப் நிறுவனம் மேக்ஸரெட் என்ற கருவியைச் செய்தது. சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் உருளை, அதற்குள் ஒரு கனமான சுழல்தட்டு. சக்கரம் திடீரென்று வேகம் குறைந்தால், உள்ளே இருக்கும் தட்டு தன் வேகத்திலேயே முந்திக்கொண்டு ஓடும். அந்த வித்தியாசம் ஒரு வால்வைத் திறந்து பிரேக் அழுத்தத்தைக் குறைக்கும். அவ்வளவுதான். கம்ப்யூட்டர் இல்லை. 1966ல் ஜென்சன் எஃப்எஃப் என்ற பிரிட்டிஷ் காரில் இதையே வைத்தார்கள். ஆனால் அந்தக் கார் மொத்தம் 320தான் விற்றது.

சிக்கல் எலக்ட்ரானிக்ஸ் வந்த பிறகுதான். ஜெர்மனியில் டெல்டிக்ஸ் என்ற நிறுவனமும் மெர்சிடிஸ் பென்ஸும் சேர்ந்து 1970 டிசம்பரில் ஒரு எலக்ட்ரானிக் ஏபிஎஸ்ஸைப் பத்திரிகையாளர்களுக்கு ஓட்டிக் காட்டினார்கள். நன்றாகவே வேலை செய்தது. ஆனாலும் விற்பனைக்கு விடவில்லை! அதன் கட்டுப்பாட்டுப் பெட்டியில் சுமார் 1000 உதிரி பாகங்கள். அதில் எது, எப்போது, எந்தக் குளிரில் பழுதாகும் என்று சொல்ல முடியாது. டிஜிட்டல் முறைக்கு மாறி, பாஷ் நிறுவனம் அதை 140 பாகங்களாகக் குறைக்க இன்னும் எட்டு வருடம் பிடித்தது.

அந்த எட்டு வருடம் காத்திருந்தது எவ்வளவு புத்திசாலித்தனம் என்று தெரிய, அதே காலத்தில் அமெரிக்காவில் நடந்ததைப் பார்க்க வேண்டும். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதி இது.

அங்கே காற்று பிரேக் உள்ள லாரிகளுக்கு 121ஆம் எண் பாதுகாப்பு விதி 1975ல் அமலுக்கு வந்தது. லாரி குறிப்பிட்ட தூரத்துக்குள் நிற்க வேண்டும், சக்கரம் பூட்டக்கூடாது, தன் தடத்தை விட்டு விலகக்கூடாது. ஏபிஎஸ் வைத்தே தீரவேண்டும் என்று விதி நேராகச் சொல்லவில்லை. ஆனால் அது இல்லாமல் இதைச் செய்ய வழியில்லை. அவசர அவசரமாக லாரிகளில் ஏபிஎஸ் ஏறியது. கொஞ்ச நாளில் பழுதுகளும் புகார்களும் குவிந்தன. லாரி தயாரிப்பாளர்கள் வழக்குப் போட்டார்கள். பாக்கார் நிறுவனத்தின் பெயரில் நடந்த அந்த வழக்கில் 1978ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் விதியின் அந்தப் பகுதிகளை ரத்து செய்தது. பழைய பிரேக்கைவிட இது அதிக ஆபத்தாக முடியலாம், நம்பகமானது என்று அரசு நிரூபிக்கவில்லை என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு சின்ன விஷயம். அந்தப் பழைய விதியிலும் எச்சரிக்கை விளக்கு இருந்தது. ஆனால் அது எப்போது எரிய வேண்டும்? ஏபிஎஸ்ஸின் மின்சாரம் மொத்தமாகச் செத்தால். அரைகுறையாகப் பழுதானால் எரிய வேண்டிய கட்டாயம் இல்லை. கம்பெனி முழுசாகத் திவாலான பிறகுதான் ஆடிட்டர் வாய் திறப்பார் என்பது மாதிரி. (மன்னிக்கவும், படிக்கிற படிப்பு அப்படி.)

லாரிகளுக்கு அமெரிக்கா மறுபடி ஏபிஎஸ்ஸைக் கட்டாயமாக்க 1995 ஆனது. டிராக்டர் லாரிகளுக்கு 1997 மார்ச்சிலிருந்தும் மற்ற லாரி, டிரெய்லர்களுக்கு 1998 மார்ச்சிலிருந்தும் அமல். இந்த முறை விளக்கைப் பற்றி மிகக் கறாராக எழுதினார்கள். சென்சாரிலிருந்து வரும் சிக்னலிலோ கட்டுப்பாட்டு சிக்னலிலோ கோளாறு என்றால் எரிய வேண்டும். சாவியைத் திருப்பும்போதெல்லாம், பல்பு உயிரோடு இருக்கிறது என்று காட்டுவதற்காகவே ஒருமுறை எரிய வேண்டும். வண்டியை அணைத்தாலும் பழுதை ஞாபகம் வைத்திருந்து, அடுத்த முறை மறுபடி எரிய வேண்டும். டிரெய்லர்களுக்கு வெளியிலேயே, இடது பின்பக்கம், ஒரு மஞ்சள் விளக்கு. இவ்வளவு சின்ன பல்புக்கு இவ்வளவு சட்டமா என்று முதலில் சிரிப்பு வந்தது. கறுப்பு டேப் ஞாபகம் வந்ததும் நின்றுவிட்டது.

மறுபடி ஜெர்மனிக்கு. அமெரிக்க நீதிமன்றம் ஏபிஎஸ்ஸை நம்ப முடியாது என்று சொன்ன அதே 1978ல்தான் மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் காரில் பாஷ் ஏபிஎஸ் விற்பனைக்கு வந்தது. தனியாக 2217 மார்க் 60 ஃபெனிக் கொடுத்து வாங்க வேண்டும். பாகங்கள் குறைந்தது மட்டும் வித்தியாசம் இல்லை. பெட்டி தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும். சந்தேகம் வந்தால் தானாக ஒதுங்கிக்கொண்டு, சாதாரண பிரேக்கை டிரைவரிடம் விட்டுவிட்டு, விளக்கைப் போடும். பழுதே ஆகாத கருவியைச் செய்ய முடியவில்லை, பழுதானால் ஒப்புக்கொள்கிற கருவியைச் செய்தார்கள். ஏபிஎஸ் பிழைத்ததற்கு இதுவே முக்கியக் காரணம் என்பது என் கருத்து.

ஆகவே மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்தால் பிரேக் போய்விட்டது என்று அர்த்தமில்லை. வழுக்காமல் காக்கும் உதவி மட்டும் இல்லை. மெதுவாக, இடைவெளி விட்டு ஓட்டி மெக்கானிக்கிடம் போகலாம். கூடவே சிவப்பு பிரேக் விளக்கும் எரிந்தால் கதை வேறு. பிரேக் ஆயில் குறைந்திருக்கலாம், வண்டியை உடனே ஓரம் கட்டுங்கள்.

ஸ்கேனர் பரவாத காலத்தில் பழுது எங்கே என்று சொன்னதும் இதே விளக்குதான். 1990களின் டொயோட்டா கார்கள் பலவற்றில் சோதனைப் பெட்டியில் டிசி, இ1 என்ற இரண்டு முனைகளை ஒரு துண்டு வயரால் இணைத்தால் விளக்கு கண் சிமிட்டும். மூன்று சிமிட்டல், ஒரு இடைவெளி, ஒரு சிமிட்டல் என்றால் 31, வலது முன் சக்கர சென்சார். 32 இடது முன், 33 வலது பின், 34 இடது பின். மெர்சிடிஸ் டபிள்யூ124ல் ஏபிஎஸ் விளக்கு எரிந்தால் அனுபவசாலிகள் சக்கரத்துப் பக்கமே போக மாட்டார்கள். மின்னழுத்தம் எகிறாமல் காக்கும் ரிலே ஒன்று உண்டு, அதன் தலையில் 10 ஆம்பியர் ஃபியூஸ். முதலில் அந்த ஃபியூஸ், பிறகு ரிலேக்குள் விரிசல் விட்ட ஈயப் பற்றவைப்பு.

மற்ற பழைய கார்களில் பெரும்பாலும் குற்றவாளி சக்கர சென்சார்தான். காந்தமும் கம்பிச் சுருளும், எதிரே பல் வெட்டிய ஒரு வளையம். பல் கடக்கும்போதெல்லாம் கொஞ்சம் மின்சாரம் பிறக்கும். சென்சார் முனையில் இரும்புத்தூள் அப்பினாலோ, வளையம் துருவேறி வெடித்தாலோ, பேரிங் ஆடினாலோ கணக்கு தப்பும். பேட்டரி பலவீனமானாலும் விளக்கு வரும். எனவே பெரிய பெட்டியை மாற்றச் சொல்கிறவர்களிடம் முதலில் இவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள், பெட்டியின் விலை மயக்கம் வரவைக்கும்.

சித்தப்பா வண்டியில் டேப்பை உரித்ததும் விளக்கு எரிந்தது, அணையவில்லை. ஸ்கேனரை மாட்டி மெக்கானிக் அண்ணன் மெதுவாக ஓட்டினார், நான் பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் பார்த்தேன். மூன்று சக்கரங்கள் 20 கிலோமீட்டர் காட்டின, இடது பின் சக்கரம் பூஜ்யம். மீட்டரில் ஓம் பார்த்தால் சுருள் அறுந்தது போல் காட்டியது. ஆனால் சென்சார் நல்லதுதான். சஸ்பென்ஷன் பக்கம் வளையும் இடத்தில் வயர் உரசி உள்ளுக்குள் அறுந்திருந்தது. வெட்டி, பற்றவைத்து, உறை போட்டு, கிளிப் மாட்டினார். கூலியோடு 650 ரூபாய். இந்த 650 ரூபாயை மிச்சம் பிடிக்கத்தான் அந்தப் புண்ணியவான் டேப் ஒட்டியிருக்கிறார்.

இப்போது சாவியைத் திருப்பினால் விளக்கு எரிந்து மூன்று விநாடியில் அணைகிறது. சித்தப்பா வாய்விட்டு எண்ணிவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறார்.

அடுத்த வாரம் காஸ்டிங் தேர்வு. அது முடிந்ததும் அடுத்த கட்டுரை.