ஆடி ஜெயித்தால் மட்டும் போதாது, ஓட்டும் வாங்கணும்!

பி.காம். படித்தவர்களுக்கு இந்தக் கணக்கு மறந்திருக்காது. ஒரு அழகுப் போட்டி. பத்துப் பேர் கலந்துகொள்கிறார்கள். மூன்று நடுவர்கள் ஆளுக்கொரு ரேங்க் லிஸ்ட் போடுகிறார்கள். எந்த இரண்டு நடுவர்களின் ரசனை அதிகம் ஒத்துப்போகிறது என்று கண்டுபிடிக்கவும். ரேங்க் கோரிலேஷன் பாடம். வித்தியாசத்தை எடுத்து, வர்க்கம் கண்டு, கூட்டி, சூத்திரத்தில் போட்டால் விடை வந்துவிடும்.

போன செமஸ்டரில் இதைப் போட்டுக்கொண்டிருந்தபோது ஒரு சந்தேகம் வந்தது. அழகைத் தவிர வேறு எதற்காவது இப்படி ரேங்க் போட்டு ஜெயித்தவரைத் தேர்ந்தெடுப்பார்களா? தேடிப் பார்த்தேன். கிடைத்த பதில்தான் இந்தக் கட்டுரை. அமெரிக்கக் கல்லூரிகள் ஆடும் ஃபுட்பால். ஸ்கோர்போர்டு இருக்கிற ஒரு விளையாட்டில், நாட்டின் சாம்பியன் யார் என்பதை நூறு வருஷத்துக்கு மேல் ஆளாளுக்கு அபிப்பிராயம் சொல்லித்தான் முடிவு செய்திருக்கிறார்கள்!

முதலில் ஒரு சின்ன அறிமுகம். இது நம்ம ஊர் கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடுவது, எறிவது, மோதித் தள்ளுவது என்று ஆடும் ஆட்டம். ஆடுகிறவர்கள் பல்கலைக்கழக மாணவர்கள். மாணவர் ஆட்டம்தானே என்று லேசாக நினைத்துவிடாதீர்கள். மிச்சிகன் பல்கலைக்கழக ஸ்டேடியத்தில் மட்டும் ஒரு லட்சத்து ஏழாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம்.

பிரச்சினை எங்கே என்றால், மேல்மட்டப் பிரிவில் மட்டும் 130-க்கும் அதிகமான அணிகள். ஒரு அணி ஒரு வருஷத்தில் ஆடுவதோ பன்னிரண்டு பதிமூன்று ஆட்டம்தான். அதற்கு மேல் உடம்பு தாங்காது. எல்லாரும் எல்லாரோடும் மோத வழியே இல்லை. நமக்குப் பழக்கமான புள்ளிப் பட்டியல், நெட் ரன் ரேட் எல்லாம் இங்கே உதவாது. கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு மற்ற ஆட்டங்களுக்கெல்லாம் சாம்பியன்ஷிப் நடத்துகிறது. ஆனால் ஃபுட்பாலின் மேல்மட்டப் பிரிவுக்கு மட்டும் அது சாம்பியன் பட்டம் கொடுத்ததே இல்லை. அந்தக் காலியிடத்தில்தான் இந்தச் சண்டை முழுவதும் நடக்கிறது.

சண்டை முதல் வருஷத்திலேயே ஆரம்பித்துவிட்டது. 1869 நவம்பர் 6 அன்று ரட்கர்ஸ் அணியும் பிரின்ஸ்டன் அணியும் மோதின. ரட்கர்ஸ் 6-4 என்று ஜெயித்தது. அடுத்த வாரம் பிரின்ஸ்டன் 8-0 என்று ஜெயித்தது. மூன்றாவது ஆட்டம் நடக்கவில்லை. அந்த வருஷம் ஆடியதே இரண்டு அணிதான். அதிலேயே சாம்பியன் யார் என்று தீரவில்லை. பின்னாளில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தவர்களும் இதில் ஒத்துப்போகவில்லை!

1926-ல் ஒருவர் இதை எண்களால் தீர்க்கப் பார்த்தார். அவர் பெயர் ஃபிராங்க் டிக்கின்சன், இல்லினாய் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் (நம்ம ஆள்!). யாரை ஜெயித்தாய், அவன் எவ்வளவு பலசாலி என்பதற்கு மதிப்பெண் போட்டு ஒரு முறையை உருவாக்கினார். நோட்டர் டேம் அணியின் புகழ்பெற்ற பயிற்சியாளர் நூட் ராக்னி அவரிடம் போய், இதையே 1924 வரை பின்னோக்கிப் போடுங்களேன் என்று கேட்டதாகச் சொல்வார்கள். டிக்கின்சனும் போட்டார். 1924-க்கு யார் முதலிடம்? நோட்டர் டேம். அந்த வருஷம் அந்த அணி தோற்கவே இல்லை என்பதும் உண்மை. ஆனாலும் எந்தத் தேதியிலிருந்து கணக்கை ஆரம்பிப்பது என்று கட்சிக்காரர் சொன்னால், அந்தக் கணக்கைத் தணிக்கையாளர் எப்படிப் பார்ப்பார் என்று நமக்குத் தெரியும்.

அடுத்து வந்தவர் ஆலன் கோல்டு, அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் விளையாட்டு ஆசிரியர். 1935-ல் அவரே ஒரு பட்டியல் போட்டு, மின்னசோட்டா, பிரின்ஸ்டன், சதர்ன் மெதடிஸ்ட் மூன்றையும் முதலிடத்தில் சமமாக வைத்தார். மின்னசோட்டாவில் அவருக்குக் கொடும்பாவி கட்டினார்கள். அடுத்த வருஷம் அவர் உஷாராகிவிட்டார். நாடு முழுவதும் உள்ள பத்திரிகைக்காரர்களிடம் ஓட்டு வாங்கிப் பட்டியல் போட்டார். 1936-ல் பிறந்த அந்த ஏ.பி. வாக்கெடுப்பு இன்றும் நடக்கிறது. இரண்டு சனிக்கிழமைகளுக்கு நடுவில் ஜனங்கள் சண்டை போட ஏதாவது வேண்டும் என்பதற்காகத்தான் அதைச் செய்தேன் என்று அவரே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். யோசித்துப் பாருங்கள், ஆட்டம் சனிக்கிழமை ஒரு நாள். பேப்பரோ ஏழு நாளும் விற்க வேண்டும். மிச்ச ஆறு நாளுக்கு விற்கக் கிடைத்த சரக்குதான் வாக்குவாதம்.

முதல் வருஷமே சரக்கு நன்றாகப் போனது. மின்னசோட்டா நார்த்வெஸ்டர்ன் அணியிடம் 6-0 என்று தோற்றது. ஆனால் நார்த்வெஸ்டர்ன் கடைசி ஆட்டத்தில் நோட்டர் டேமிடம் சறுக்கியது. இரண்டுக்கும் ஒரே ஒரு தோல்விதான். நேருக்கு நேர் ஜெயித்தது நார்த்வெஸ்டர்ன், முதல் சாம்பியனோ மின்னசோட்டா! யாரிடம் தோற்றாய் என்பதைவிட எப்போது தோற்றாய் என்பது முக்கியம் என்ற பாடத்தை ரசிகர்கள் அன்றே படித்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து ரசிகர்களின் வாதங்கள் பெரிதாக மாறவில்லை. உன் அணி மோதியதெல்லாம் சொத்தை அணி. என் அணி தோற்றாலும் பலசாலியிடம் தோற்றது. நாங்கள் ஜெயித்தவனிடம் நீ தோற்றாய். ஸ்கோரை விடு, ஆட்டத்தைக் கண்ணால் பார்த்தாலே தெரியும். தன் அணிக்கு ஆட்டமே இல்லாத வாரத்தில்கூட ரசிகன் சும்மா இருக்க மாட்டான். ஆயிரம் மைல் தள்ளி யாரோ இரண்டு பேர் மோதுவார்கள். அதில் இவன் ஜெயித்து அவன் தோற்றால், அடுத்த சனிக்கிழமை இன்னொருத்தன் கவிழ்ந்தால், நாம் ஓரிடம் மேலே போகலாம் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருப்பான்.

ஆனால் எல்லா வருஷமும் இது விளையாட்டுப் பேச்சாக இருந்துவிடவில்லை. 1966-ஐப் பார்ப்போம். அந்த வருஷம் நவம்பர் 19 அன்று, முதலிடத்தில் இருந்த நோட்டர் டேமும் இரண்டாமிடத்தில் இருந்த மிச்சிகன் ஸ்டேட்டும் மோதி 10-10 என்று டிரா ஆனது. கடைசி நிமிஷத்தில் பந்து நோட்டர் டேமிடம். பயிற்சியாளர் ஆரா பார்சீகியன் ஜெயிக்க முயற்சி செய்யாமல் நேரத்தைக் கடத்தி டிராவைப் பத்திரப்படுத்திக்கொண்டார். ஓட்டுப் போட்டவர்கள் அவர் அணிக்கே பட்டத்தைக் கொடுத்தார்கள். அதே வருஷம் ஆடிய 11 ஆட்டத்தையும் ஜெயித்த அலபாமாவுக்கு மூன்றாமிடம்தான்!

அலபாமாக்காரர்கள் இன்றும் இதைச் சொல்லிப் புலம்புவார்கள். எனக்கும் முதலில் பாவமாக இருந்தது. பிறகுதான் மறுபக்கம் தெரிந்தது. 1963-ல் கறுப்பின மாணவர்கள் இரண்டு பேர் சேர வந்தபோது, அந்த மாநில கவர்னரே பல்கலைக்கழக வாசலில் நின்று மறித்தார். 1966 அலபாமா அணியில் ஒரு கறுப்பினத்தவர்கூட இல்லை. மிச்சிகன் ஸ்டேட் அணியிலோ தென் மாநிலங்களிலிருந்து வந்த கறுப்பின வீரர்கள் பலர். டெக்ஸஸ்காரர் பப்பா ஸ்மித், வட கரோலினாக்காரர் ஜிம்மி ரே போன்றவர்கள். சொந்த மண்ணின் பெரிய பல்கலைக்கழகங்கள் சேர்த்துக்கொள்ளாததால் வடக்கே போனவர்கள். நிறவெறிதான் அலபாமாவுக்கு ஓட்டைக் குறைத்தது என்று சொல்கிறவர்கள் உண்டு. ஓட்டுப் போட்டவர்கள் மனதில் என்ன இருந்ததோ, தெரியாது. ஆனால் ஒன்று நிச்சயம். பட்டத்துக்கு ஓட்டு நடப்பதற்கு முன்பே, யார் ஆடலாம் என்று இன்னொரு தேர்வு நடந்து முடிந்திருந்தது. அதில் வெளியே தள்ளப்பட்டவர்களுக்காக அன்று யாரும் பட்டியல் போடவில்லை.

பிறகு ஜனாதிபதியே இந்தச் சண்டையில் இறங்கினார்! 1969 டிசம்பர் 6 அன்று டெக்ஸஸ் அணி அர்க்கன்சாஸை 15-14 என்று ஜெயித்தது. நேரில் பார்க்க வந்திருந்த நிக்சன், டெக்ஸஸ்தான் நம்பர் ஒன் என்று பட்டயம் கொடுத்துவிட்டார். தொடர்ந்து இரண்டாவது வருஷமாகத் தோல்வியே காணாத பென் ஸ்டேட் வாயைப் பிளந்தது. அதன் பயிற்சியாளர் ஜோ பட்டெர்னோ நாலு வருஷம் காத்திருந்தார். 1973-ல் ஒரு பட்டமளிப்பு விழாவில், வாட்டர்கேட் பற்றி ஒன்றும் தெரியாத இந்த மனிதருக்கு 1969-ல் ஃபுட்பால் மட்டும் எப்படி இவ்வளவு தெரிந்தது என்று கேட்டார் :-)

அதே 1973-ல் இன்னொரு கூத்து. புத்தாண்டை ஒட்டி நடக்கும் சிறப்பு ஆட்டங்களுக்கு பவுல் என்று பெயர். பயிற்சியாளர்கள் போடும் ஓட்டு அப்போதெல்லாம் பவுல் ஆட்டத்துக்கு முன்பே முடிந்துவிடும். அலபாமாவை சாம்பியன் என்று அறிவித்துவிட்டார்கள். அலபாமா பவுல் ஆட்டத்தில் நோட்டர் டேமிடம் 24-23 என்று தோற்றது. பட்டம் போகவில்லை! நிதியாண்டு முடியும் முன்பே லாபத்தை அறிவித்தால் இப்படித்தான். அடுத்த வருஷத்திலிருந்து பவுல் முடிந்த பிறகே அவர்கள் ஓட்டுப் போட்டார்கள்.

1998-ல் பி.சி.எஸ். என்ற ஏற்பாடு வந்தது. வாக்கெடுப்புகளையும் கம்ப்யூட்டர் கணக்குகளையும் கலந்து முதல் இரண்டு அணிகளை மோதவிடுவது. 2003-ல் சதர்ன் கலிஃபோர்னியா இரண்டு வாக்கெடுப்பிலும் முதலிடம், ஆனால் கலவைக் கணக்கில் மூன்றாமிடம். தன் பிராந்திய இறுதி ஆட்டத்தில் 35-7 என்று உதை வாங்கிய ஓக்லஹாமா உள்ளே, சதர்ன் கலிஃபோர்னியா வெளியே. கடைசியில் பட்டம் இரண்டாகப் பிரிந்தது. அடுத்த வருஷம் ஆபர்ன் எல்லா ஆட்டமும் ஜெயித்தும் வெளியே நின்றது, ஏனென்றால் தோற்காத பெரிய அணிகள் இன்னும் இரண்டு இருந்தன. அந்த வருஷம் சாம்பியனான சதர்ன் கலிஃபோர்னியாவின் பி.சி.எஸ். பட்டம் விதிமீறலுக்காக 2011-ல் பறிக்கப்பட்டது. அந்த இடம் காலியாகவே விடப்பட்டது. 2025-ல் ஆபர்ன் பல்கலைக்கழகம் தானே அந்தப் பட்டத்தைத் தன் கணக்கில் ஏற்றிக்கொண்டது. இருபத்தொரு வருஷம் கழித்து ஒரு திருத்தப் பதிவு!

2014-ல் நாலு அணிகள் மோதும் பிளேஆஃப் வந்தது. அணிகளைத் தேர்ந்தெடுக்க 13 பேர் கமிட்டி. முதல் வருஷமே டெக்ஸஸ் கிறிஸ்டியன் அணி மூன்றாமிடத்தில் இருந்தது. கடைசி ஆட்டத்தை 55-3 என்று ஜெயித்தது. ஆனாலும் ஆறாமிடத்துக்கு இறக்கப்பட்டது! நாலாவதாக உள்ளே வந்த ஒஹையோ ஸ்டேட், மூன்றாவது குவார்ட்டர்பேக்கை (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர்) வைத்துக்கொண்டு பட்டத்தையே தூக்கிச் சென்றது. இந்தக் குவார்ட்டர்பேக் விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

2023. ஃப்ளோரிடா ஸ்டேட் 13 ஆட்டம் ஆடி 13-ம் ஜெயித்தது. பிராந்திய சாம்பியனும் ஆனது. ஆனால் நவம்பரில் அதன் குவார்ட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸுக்குக் கால் உடைந்துவிட்டது. அவர் இல்லாத அணி பழைய அணி இல்லை என்று சொல்லி, ஒரு தோல்வி கண்ட அலபாமாவை கமிட்டி நாலாவதாக எடுத்தது. என் கால் சீசனில் இன்னும் முன்னாடியே உடைந்திருக்கக் கூடாதா, இந்த அணி நான் மட்டும் இல்லை என்று காட்டியிருக்கலாமே என்று டிராவிஸ் வருத்தத்தோடு எழுதினார். அந்தக் காயத்திலிருந்து அவர் மீளவே இல்லை. 2025-ல் ஆட்டத்துக்கே முழுக்குப் போட்டார்.

எனக்கு இந்த இடம்தான் தொண்டையில் நிற்கிறது. ரசிகனுக்கு அடுத்த வருஷம் உண்டு, சேனலுக்கும் உண்டு. ஆடுகிறவனுக்கு இருப்பது கிட்டத்தட்ட நாலு வருஷம், அதில் இப்படி ஒரு வருஷம் வாய்ப்பது ஒரு தடவை. அவனும் என் வயசுக்காரன்தான். நமக்காவது பேப்பர் போனால் அரியர் எழுதலாம். எல்லாப் பேப்பரும் பாஸ் செய்தவனை, நீ அடுத்த பரீட்சையில் ஃபெயிலாகிவிடுவாய் போலத் தெரிகிறது என்று சொல்லி வெளியே நிறுத்தினால் எங்கே போய் மறுகூட்டல் கேட்பது?

2024-ல் பிளேஆஃப் 12 அணியானது. பிரச்சினை தீர்ந்ததா? 2025 டிசம்பரில், வாரக்கணக்காக மயாமிக்கு மேலே இருந்த நோட்டர் டேம் கடைசிப் பட்டியலில் வெளியே போனது. அந்தக் கடைசி வாரம் இரண்டு அணிக்கும் ஆட்டமே இல்லை! சீசன் தொடக்கத்தில் மயாமி நோட்டர் டேமை ஜெயித்திருந்தது என்பதைக் கடைசியில் கணக்கில் எடுத்தார்கள். உள்ளே வந்த மயாமி இறுதி ஆட்டம் வரை போய் இண்டியானாவிடம் தோற்றது. ஆக, முன்பு முதலிடத்துக்கு நடந்த சண்டை இப்போது பன்னிரண்டாமிடத்துக்கு நகர்ந்திருக்கிறது. ஒன்று சொல்லணும், பன்னிரண்டாவது ஆளுக்கு நடக்கும் அநியாயம் முதல் ஆளுக்கு நடக்கும் அநியாயத்தைவிடச் சின்னதுதான். 13-க்கு 13 ஜெயித்தவன் இனி வெளியே நிற்பது கஷ்டம். அந்த அளவுக்கு இது முன்னேற்றம்.

திரும்ப அந்த அழகுப் போட்டிக் கணக்குக்கு வருகிறேன். சூத்திரம் போட்டால் நடுவர்கள் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்று தெரியும். அவர்கள் சொல்வது சரியா என்று தெரியாது. விடைத்தாளில் அதை யாரும் கேட்பதில்லை, பத்து மார்க்கும் வந்துவிடும். ஆனால் மேடையில் நிற்கிற அந்தப் பத்துப் பேருக்கும் அந்த ஒரு கேள்விதான் கேள்வி.