கால் எட்டுமா? – மண்பாதை பைக்குகளின் 'உயர'மான வரலாறு

கீழப்பழுவூர் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். சுற்றுவட்டாரம் முழுக்க சுண்ணாம்புக்கல் சுரங்கம், சிமென்ட் ஆலை, வரிசையாக லாரிகள். தார்ச்சாலையை விட்டு இறங்கினால் மழைக்காலத்தில் சேறும் பள்ளமும்தான். இந்த வழிக்கு ஒரு 'ஆஃப் ரோடு' பைக் வாங்கலாம் என்று ஐந்தடி மூன்று அங்குலம் உள்ள ஒருவர் ஷோரூமுக்குப் போனால் என்ன நடக்கும்? ஏறி உட்காருவார், காலை ஊன்றுவார், கட்டைவிரல் மட்டும் தரையைத் தொடும். பாதி ஆசை அங்கேயே போய்விடும்!

இந்த பைக்குகள் ஏன் இவ்வளவு உயரம்? கல்லில் அடிவயிறு இடிக்கக் கூடாது, பள்ளத்தில் சக்கரம் நன்றாக மேலே கீழே போய்வர வேண்டும். இரண்டுக்கும் இடம் விட்டால் சீட் தானாகவே மேலே போகும்.

இனி கொஞ்சம் வரலாறு...

2011-ல் ஹீரோ நிறுவனம் இம்பல்ஸ் என்ற 150 சிசி பைக்கைக் கொண்டுவந்தது. எடை 134 கிலோதான். ஆனால் சீட் உயரம், சக்தி சுமார் 13 குதிரைத்திறன். மார்க்கெட் கைகொடுக்கவில்லை, சில ஆண்டுகளில் நின்றுபோனது.

2016-ல் சென்னையின் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயனை இறக்கியது. அதுவரை லடாக் போனவர்களில் பலருக்கு புல்லட்தான் துணை. ஹிமாலயனின் 411 சிசி எஞ்சினைவிட முக்கியமான எண் 800. ஆமாம், சீட் உயரம் 800 மி.மீ. மட்டுமே! குள்ளமானவர்களுக்கும் கால் எட்டியது. ஆனால் 2020-ல் வந்த பிஎஸ்6 மாடலின் எடை 199 கிலோ. நிற்கும்போது சுகம், சேற்றில் சாய்ந்தால் தூக்க இன்னொரு ஆள் வேண்டும்.

2019-ல் ஹீரோ மறுபடி வந்தது, எக்ஸ்பல்ஸ் 200 உடன். சீட் 823 மி.மீ., எடை 154 கிலோ, ஆரம்ப விலை டெல்லி ஷோரூமில் 97 ஆயிரம். ஹிமாலயனைவிட 23 மி.மீ. உயரம், ஆனால் சுமார் 45 கிலோ குறைவு. ஒரு சிமென்ட் மூட்டை 50 கிலோ என்று நினைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும்! அதே பைக்கின் 'ப்ரோ' மாடல் 2023-ல் வந்தபோது சீட் 891 மி.மீ. ஆனது.

இதில் இன்னொரு விஷயம் பலர் கவனிப்பதில்லை. ஆள் உட்கார்ந்ததும் ஸ்பிரிங் அமுங்கி சீட் சற்று இறங்கும். 80 கிலோ ஆளுக்கு இறங்கும் அளவு 50 கிலோ ஆளுக்கு இறங்காது. ஆக, குள்ளமாகவும் ஒல்லியாகவும் இருப்பவருக்கு இரட்டை நஷ்டம். சீட்டின் அகலமும் காலை விரித்து எட்டும் தூரத்தைக் குறைக்கும். இதெல்லாம் விளம்பரத் தாளில் இருக்காது.

இந்த வரலாறு சொல்லும் பாடம் எளிமையானது. சீட் உயரம் பார்க்க வேண்டிய எண்களில் ஒன்று, அவ்வளவுதான். எடை குறைவான, சீட் ஒடுங்கிய பைக் என்றால் ஒரு பக்கம் இடுப்பை நகர்த்தி ஒற்றைக் காலை முழுதாக ஊன்றினாலே போதும். இரண்டு பாதமும் பதிகிற கனமான பைக், சரிவில் சாயும்போது காப்பாற்றாது.

எனவே நண்பர்களே, ஷோரூமில் 'கால் எட்டுமா' என்று கேட்பதோடு நிறுத்த வேண்டாம். 'விழுந்தால் தனியாகத் தூக்க முடியுமா?' என்றும் கேட்டுவிடுங்கள். சுரங்கச் சாலையில் உதவிக்கு ஆள் வர நேரமாகும்!