நிசான் 370 இசட் கிளட்ச் பழுது

நிசான் 370 இசட் கிளட்ச் பழுது என்பது ஜப்பானின் நிசான் நிறுவனம் தயாரித்த 370 இசட் என்னும் ஸ்போர்ட்ஸ் கார் வகை மகிழுந்தில் திரும்பத் திரும்பத் தோன்றிய ஒரு நீரியல் பழுது ஆகும். அழுத்திய கிளட்ச் மிதி மேலெழாமல் தரையோடு தங்கிவிடுவது இதன் முதன்மையான அறிகுறி. கைமுறைக் கியர் கொண்ட வண்டிகளுக்கு மட்டுமே இது பொருந்தும். பெயரில் கிளட்ச் என்று இருந்தாலும் பழுது பெரும்பாலும் கிளட்ச் தட்டில் இருப்பதில்லை. தட்டை விலக்கும் நீரியல் உறுப்பில்தான் இருக்கிறது. இவ்வேறுபாட்டை அறியாமல் தட்டை மட்டும் மாற்றிய வண்டிகளிலும், பழுதான உறுப்புக்குப் பதிலாக அதே வகை உறுப்பை மீண்டும் பொருத்திய வண்டிகளிலும் பழுது மறுபடி தலைகாட்டியது.

பின்னணி

370 இசட் 2008 நவம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் வாகனக் கண்காட்சியில் அறிமுகப்படுத்தப்பட்டது. ஜப்பானில் இது ஃபேர்லேடி இசட் என்ற பெயரில் விற்கப்பட்டது. 3.7 லிட்டர் கொள்ளளவும் ஆறு சிலிண்டர்களும் கொண்ட இதன் பொறி நிமிடத்திற்கு 7,500 சுற்றுகள் வரை சுழல வல்லது. இவ்வரிசையில் 2022 இல் விற்பனைக்கு வந்த நிசான் இசட் இதன் இடத்தைப் பிடித்தது.

இதற்கு முந்தைய வண்டியான 350 இசட் 2002 இல் வெளிவந்தது. அதன் 2007 ஆம் ஆண்டு வடிவத்தில் புதிய பொறியோடு கிளட்ச் விலக்கும் முறையும் மாற்றப்பட்டது. அம்மாற்றமே 370 இசட்டிற்கும் வந்து சேர்ந்தது.

விலக்கும் அமைப்பு

கிளட்ச் அல்லது உரசிணைப்பி, பொறியின் ஃப்ளைவீலையும் கியர்பெட்டியின் உள்ளீட்டுத் தண்டையும் உராய்வினால் இணைப்பது. மிதியை அழுத்தும்போது இவ்விணைப்பு விலக வேண்டும். மிதியின் மேல் முனையில் உள்ள மாஸ்டர் சிலிண்டர் பிரேக் நீர்மத்தை ஒரு குழாய் வழியாகத் தள்ளுகிறது. குழாயின் மறுமுனையில் உள்ள ஸ்லேவ் சிலிண்டர் அவ்வழுத்தத்தை மீண்டும் அசைவாக மாற்றுகிறது. பாசுக்கலின் விதிக்கு அன்றாட வாழ்வில் கிடைக்கும் நல்ல எடுத்துக்காட்டுகளுள் இதுவும் ஒன்று.

பழைய 350 இசட்டில் ஸ்லேவ் சிலிண்டர் கியர்பெட்டிக்கு வெளியே திருகப்பட்டிருந்தது. அது கவைக்கோல் போன்ற ஒரு நெம்புகோலைத் தள்ளும். நெம்புகோல் உள்ளே இருக்கும் ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும். சிலிண்டர் ஒழுகினால் வண்டிக்கு அடியில் படுத்து அதைக் கழற்றி வேறொன்று மாட்டிவிடலாம்.

2007 க்குப் பின்னர் வந்த அமைப்பில் நெம்புகோல் இல்லை. வளைய வடிவான சிலிண்டர் ஒன்று உள்ளீட்டுத் தண்டைச் சுற்றியே அமைந்து ரிலீஸ் பேரிங்கை நேராகத் தள்ளுகிறது. தண்டுக்கும் சிலிண்டருக்கும் மையம் ஒன்றே என்பதால் இதனைப் பொதுமைய ஸ்லேவ் சிலிண்டர் எனலாம். உறுப்புகள் குறைவு, விசை ஒரு பக்கம் சாயாமல் சீராகப் பரவுகிறது என்பன இதன் நன்மைகள். பல நிறுவனங்களின் வண்டிகளில் இம்முறை உண்டு. முறையே தவறு என்று கூற முடியாது. ஆனால் உறுப்பு கியர்பெட்டியின் முன்கூட்டிற்குள் கிளட்சின் அருகிலேயே அடைபட்டுள்ளது. அங்கே எழும் வெப்பமும் தட்டு தேய்ந்து உதிரும் தூசியும் அதன்மேல் படுகின்றன.

பழுது ஏற்படும் விதம்

370 இசட்டின் ஸ்லேவ் சிலிண்டரில் நீர்மத்தை உள்ளே வைத்திருப்பது ஒரு ரப்பர் சீல். வெப்பத்தில் அது இறுகி நெகிழ்வை இழக்கிறது. தூசி அதனை அரிக்கிறது. சீல் தளர்ந்தால் நீர்மம் கசிகிறது, சில வேளைகளில் காற்றும் உட்புகுகிறது. காற்று அழுத்தத்திற்குச் சுருங்கும் இயல்புடையது. எனவே மிதியின் அசைவு காற்றைச் சுருக்குவதிலேயே செலவாகி, கிளட்ச் முழுமையாக விலகுவதில்லை.

நீர்மத்தின் நிலையும் இதில் பங்கு கொள்கிறது. பணிமனைகளில் பிரேக் ஆயில் என்று வழங்கினாலும் இது எண்ணெய் அன்று. கிளைக்கால் வகைச் சேர்மங்களால் ஆனது. (பெயரை நம்பி இதில் பொறி எண்ணெயை ஊற்றினால் ரப்பர் சீல்கள் உப்பிக் கெடும்.) இது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். டாட் 3 தரத்தின்படி புதிய நீர்மத்தின் கொதிநிலை குறைந்தது 205 பாகை செல்சியசு இருத்தல் வேண்டும், 3.7 விழுக்காடு நீர் சேர்ந்த நிலையில் 140 பாகை இருந்தால் போதும். டாட் 4 தரத்திற்கு இவை முறையே 230, 155 பாகைகள். கிளட்ச் அமைப்பிலுள்ள நீர்மத்தின் அளவு மிகக் குறைவு, அது பிரேக்கிற்கு உள்ளதுபோல் விரைவில் குளிர்வதும் இல்லை. நெரிசலிலோ பந்தயத் தடத்திலோ அடிக்கடி கியர் மாற்றும்போது ஈரம் சேர்ந்த நீர்மத்தில் ஆவிக்குமிழிகள் தோன்றலாம். அப்போது மிதி தரையோடு போய்விடும். குளிர்ந்தபின் ஒன்றும் நடவாததுபோல் திரும்பி வரும். பணிமனைக்குக் கொண்டு செல்லும்போது பழுது ஒளிந்துகொள்வதற்கு இதுவே காரணம்.

இடர் சிறியதன்று. ஓடும்போது மிதி தரையில் ஒட்டிக்கொண்டால் ஓட்டுநரால் விரும்பிய கியரைப் போட முடியாது. கியரில் நிற்கும் வண்டி கிளட்ச் விலகாததால் முன்னோக்கி நகரப் பார்க்கும், அல்லது பொறி அணைந்துவிடும்.

பழுதறிதல்

முதலில் பிரித்தறிய வேண்டியது கிளட்ச் நழுவுகிறதா, விலகவில்லையா என்பது. முடுக்கியை அழுத்தும்போது பொறியின் சுற்று ஏறியும் வண்டியின் வேகம் ஏறாவிட்டால் தட்டு தேய்ந்து நழுவுகிறது. பொறி ஓடும்போது முதல் கியரும் பின்னோக்குக் கியரும் கரகரத்து விழ மறுத்து, பொறியை அணைத்தால் எளிதாக விழுந்தால் கிளட்ச் விலகவில்லை. இரண்டாவது வகையில் முதல் ஐயம் நீரியல் அமைப்பின் மேல்தான் செல்ல வேண்டும்.

கிளட்ச் நீர்மத் தொட்டியைத் திறந்து பார்த்தாலே பாதி விடை கிடைக்கும். நீர்மம் கறுத்திருந்தால் சீல் அரிபடத் தொடங்கியிருக்கலாம். மட்டம் குறைந்திருந்தால் கசிவு உண்டு. மாஸ்டர் சிலிண்டர் ஒழுகினால் மிதியின் மேற்பகுதியில் ஈரம் தெரியும். ஸ்லேவ் ஒழுகினால் கியர்பெட்டியின் முன்கூட்டின் அடியில் சொட்டும். இரண்டிலும் வெளிக்கசிவு இன்றி மிதி மெல்லத் தாழ்ந்தால், மாஸ்டர் சிலிண்டரின் உள் சீல் வழியே நீர்மம் தொட்டிக்குத் திரும்புகிறது என்று கொள்ளலாம்.

திருத்தும் முறைகள்

நீர்மத்தை மாற்றிக் காற்றை வெளியேற்றுவது எளிய முறை. சீல் இன்னும் கெடாதிருந்தால் இதுவே போதும். கெட்டிருந்தால் சில வாரங்களோ மாதங்களோ மட்டுமே தாங்கும். உலோக நூல் பின்னிய குழாய் பொருத்தினால் மிதியின் உணர்வு உறுதிப்படும், ஆனால் சீல் அதனால் சரியாகாது.

ஸ்லேவ் சிலிண்டரை மாற்றுவதற்குப் பின்சக்கரங்களுக்குச் செல்லும் சுழல்தண்டைக் கழற்றிக் கியர்பெட்டியை இறக்க வேண்டும். உறுப்பின் விலையைவிட உழைப்புக் கூலி பன்மடங்கு ஆவது இதனால்தான். எனவே கியர்பெட்டி இறங்கியிருக்கும் வேளையில் எதை மாற்றுவது என்பதே உண்மையான கேள்வி. தட்டு தேய்ந்ததற்காக இறக்கிவிட்டுப் பழைய சிலிண்டரையே விட்டுவைப்பது பெருந்தவறு. தட்டு தேயத் தேய விலக்கு விற்சுருளின் விரல்கள் கியர்பெட்டிப் பக்கம் நகர்கின்றன. புதிய தட்டு போட்டதும் அவை பழைய இடத்திற்குத் திரும்புகின்றன. இதனால் சிலிண்டரின் சீல் இதுவரை உரசாத, அழுக்குப் படிந்த பகுதியில் உரசத் தொடங்குகிறது. நன்றாக இருந்த சிலிண்டர் புதிய தட்டு போட்ட சில நாள்களில் ஒழுகுவது இப்படித்தான்.

மாற்று உறுப்புகளில் மூன்று வழிகள் உள்ளன. நிறுவனத்தின் அதே உறுப்பு விலை குறைவு, ஆனால் அதே சூழலில் அதே முடிவை எதிர்நோக்குவது. வெளிச்சந்தையில் கிடைக்கும் முழு உலோக உடல் கொண்ட பொதுமையச் சிலிண்டர் வளையாது, உடையாது. எனினும் உலோகம் வெப்பத்தை நன்கு கடத்துவதால் நீர்மத்தைக் காலந்தோறும் மாற்றுவதை இது தவிர்க்காது. மூன்றாவது, பழைய 350 இசட் போல நெம்புகோலையும் வெளிச் சிலிண்டரையும் பொருத்தும் மாற்றுத் தொகுப்பு. செலவு கூடியதாயினும், அடுத்த முறை சிலிண்டர் கெட்டால் கியர்பெட்டியை இறக்க வேண்டியதில்லை என்பதால் வண்டியை நெடுநாள் வைத்திருப்போருக்கு இதுவே ஏற்றது.

பொதுமையச் சிலிண்டரைப் பொருத்துவோர் கியர்பெட்டி ஏறும் முன் மிதியை அழுத்தக் கூடாது. எதிரே தாங்க ஒன்றும் இல்லாததால் வளையப் பிஸ்டன் வெளியே வந்து, புதிய சீலும் கெட்டுப்போகும்.

வழக்கு

இவ்வமைப்பு வெப்பத்தை நீர்மத்திற்குக் கடத்தி மிதியைத் தரையோடு ஒட்டச் செய்கிறது என்று குற்றஞ்சாட்டி, 370 இசட் வாங்கிய ஒருவர் 2016 இல் கலிபோர்னியாவில் நிசான் மீது வழக்கு தொடர்ந்தார். இதே வகைக் கியர்பெட்டி கொண்ட வண்டிகளை அம்மாநிலத்தில் வாங்கிய அனைவர் சார்பிலும் வழக்கை நடத்த அவர் விரும்பினார். மாவட்ட நீதிமன்றம் அதனை மறுத்தது. 2019 சூலையில் அமெரிக்க ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அம்மறுப்பை நீக்கியது. குறைபாடுள்ள உறுப்போடு விற்கப்பட்டிருந்தால் இழப்பு விற்பனையின்போதே நேர்ந்துவிடுகிறது, ஒவ்வொரு வண்டியிலும் பழுது வெளிப்பட்டிருக்க வேண்டியதில்லை என்னும் வாதத்தை அது ஏற்றது. உறுப்பில் உண்மையிலேயே குறைபாடு இருந்ததா என்பதை அத்தீர்ப்பு முடிவு செய்யவில்லை.