பறையோடு கடல் கடக்க: பண்பாட்டுப் பரிமாற்ற விசாவும் முதல் தகவல் அறிக்கையும்

தூத்துக்குடியிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய தலித் மக்கள் கூலிகளாகவே கடல் கடந்தனர். இன்று அதே முத்துக்குளித்துறைக் கரையின் இளைஞர் பறையிசைக் கலைஞராகவோ மாணவராகவோ அயல்நாட்டு அழைப்பைப் பெறலாம். ஆனால் அவருக்கு விசாவும், அதற்கு முன் கடவுச்சீட்டும் வேண்டும்.

பயணத்தின் நோக்கமும் ஊதியமுமே விசாவின் வகையைத் தீர்மானிக்கின்றன. அமெரிக்காவில் அங்கீகரிக்கப்பட்ட பரிமாற்றத் திட்டங்களுக்கு உரியது ஜே-1. திட்டத்தை நடத்தும் நிறுவனம் டிஎஸ்-2019 படிவம் அளித்த பின்னரே அதற்கு விண்ணப்பிக்க இயலும். அரசு நிதியில் செல்வோர், தாயகத்தில் இரண்டாண்டுகள் வாழ்ந்த பின்னரே சில வகை விசாக்களைப் பெற முடியும். மரபுக்கலையை நிகழ்த்தவோ கற்பிக்கவோ செல்லும் குழுக்களுக்கு உரியது பி-3. இதற்கு அழைப்பவரே அங்குள்ள குடியேற்றத் துறையிடம் முதலில் மனுச் செய்ய வேண்டும். ஐரோப்பாவின் ஷெங்கன் குறுகியகால விசா, எந்த 180 நாட்களிலும் 90 நாட்களுக்கு மேல் தங்க இடந்தராது.

நம் மாவட்டத்தில் தடை பெரும்பாலும் கடவுச்சீட்டிலேயே தொடங்குகிறது. 2018 மே மாதத் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் கொல்லப்பட்ட ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டமானாலும், சாதி வன்கொடுமைக்கு எதிரான சாலை மறியலானாலும், பங்கேற்றவர் பெயர் முதல் தகவல் அறிக்கையில் ஏறிவிடுகிறது. "வழக்கிருந்தால் கடவுச்சீட்டு கிடைக்காது" என்ற அச்சத்தில் பலர் விண்ணப்பிப்பதே இல்லை.

சட்டம் அவ்வாறு கூறவில்லை. 1967ஆம் ஆண்டுக் கடவுச்சீட்டுச் சட்டத்தின் 6(2)(எஃப்) பிரிவு, குற்றவியல் நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருந்தால் மட்டுமே மறுக்க இடமளிக்கிறது. முதல் தகவல் அறிக்கையும் புலனாய்வில் உள்ள வழக்கும் அப்பிரிவில் அடங்கா. நீதிமன்றம் வழக்கைக் கோப்பிற்கு எடுத்திருக்க வேண்டும் என்று வெளியுறவு அமைச்சகத்தின் 10.10.2019 நாளிட்ட குறிப்பாணை தெளிவுபடுத்துகிறது. வழக்கு நிலுவையில் இருந்தாலும், 1993 ஆகஸ்ட் 25 அறிவிக்கையின்படி, அந்த நீதிமன்றத்தின் அனுமதி பெற்றுக் கடவுச்சீட்டு வாங்கலாம். ஆணையில் காலம் குறிப்பிடப்படாவிட்டால் அது ஓராண்டுக்குச் செல்லும்.

எனவே நாம் செய்ய வேண்டியவை இவை. வழக்கின் நிலையை நீதிமன்றப் பதிவில் சரிபார்க்க வேண்டும். 2021இல் அரசு திரும்பப் பெற்ற வழக்குகளில் பெயர் இருந்தவர்கள், வழக்கு முடிந்ததற்கான ஆணையின் நகலைப் பெற்று வைத்திருக்க வேண்டும். நிலுவை வழக்கை விண்ணப்பத்தில் மறைக்கக் கூடாது. மறைத்தால் கடவுச்சீட்டு முடக்கப்படலாம், அதுவே தனிக் குற்றமும் ஆகும். அமெரிக்க விசாப் படிவம் கைதானதுண்டா என்றும் கேட்கிறது. அங்கும் உண்மையையே எழுத வேண்டும். கடவுச்சீட்டு மறுக்கப்பட்டால் எழுத்துவழிக் காரணம் கேட்டுப் பெற்று, 11ஆம் பிரிவின்கீழ் மேல்முறையீடு செய்யலாம். சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளையையும் அணுகலாம்.

வெளிநாடு செல்லும் உரிமை அரசமைப்பின் 21ஆம் பிரிவில் அடங்கும் என்பதை உச்சநீதிமன்றம் 1967இலும், மேனகா காந்தி வழக்கில் 1978இலும் உறுதி செய்துள்ளது. போராடியவர் என்பதற்காக எவரும் அவ்வுரிமையை இழப்பதில்லை.