எல்லையில் பிறந்த குத்துச்சண்டை வீரர்



விளையாட்டு வீரர் ஒருவருடைய வரலாறு என்றால், அது வெற்றி தோல்விகளின் பட்டியல் என்றே பலரும் எண்ணுவர். சிலருடைய வரலாறு அவ்வாறு முடிந்து விடுவதில்லை. அது அவர் பிறந்த மண்ணின் துயரத்தோடு பின்னிக் கிடக்கும். அயர்லாந்தின் தொழில்முறைக் குத்துச்சண்டை வீரர் பாரி மக்குவிகன் அத்தகையோருள் ஒருவர். கல்முனை தொடங்கி அக்கரைப்பற்று வரையிலும், உள்ளே இறக்காமம் வரையிலும், இரு சமூகங்கள் அடுத்தடுத்து வாழும் நம் நாட்டுப் பக்கத்தவர் அவர் வரலாற்றை அறிந்துகொள்வது பயனுடையது.

முதலில் அவர் நாட்டின் நிலையைச் சிறிது நோக்குவோம். 1921 ஆம் ஆண்டில் அயர்லாந்துத் தீவு இரண்டாகப் பிரிக்கப்பட்டது. வடக்கே ஆறு கவுண்டிகள் பிரித்தானியாவுடன் நின்றன. ஏனைய இருபத்தாறும் பின்னாளில் குடியரசாயின. வடபகுதியில் அந்நாளில் புரட்டஸ்தாந்தர் பெரும்பான்மையினராக இருந்தனர். அவர்கள் பிரித்தானிய ஆட்சியையே விரும்பினர். கத்தோலிக்கருட் பெரும்பாலோர் ஒன்றுபட்ட அயர்லாந்தை விரும்பினர். இப்பிணக்கு 1960களின் இறுதியில் இரத்தக் களரியாக மாறியது. முப்பது ஆண்டுகளில் ஏறத்தாழ 3,500 பேர் மாண்டனர். ஒரே மொழி பேசி, ஒரே தெருவில் பண்டம் வாங்கியவர்கள், பெயரைக் கேட்டே இன்னார் இன்ன பக்கம் என்று பிரித்தறியும் நிலை உண்டாயிற்று.

மக்குவிகன் 1961 ஆம் ஆண்டு பெப்ரவரி 28 ஆம் நாள் குளோன்ஸ் என்னும் சிற்றூரில் கத்தோலிக்கக் குடும்பத்திற் பிறந்தார். அவ்வூர் குடியரசின் பக்கத்தில், எல்லைக் கோட்டை ஒட்டிக் கிடப்பது. பெற்றோர் பலசரக்குக் கடை நடத்தினர். தந்தை பாட் நல்ல பாடகர்; 1968 இல் யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் அயர்லாந்தின் சார்பிற் பாடியவர். சிறுவன் பாரி குத்துச்சண்டை பழகத் தொடங்கிய உவாட்டில்பிரிட்ஜ் கழகமோ எல்லைக்கு அப்பால், வட அயர்லாந்தில் இருந்தது. எல்லைச் சாலைகள் பல இராணுவத்தினரால் அடைக்கப்பட்டிருந்த காலம் அது. கையுறை அணியக் கற்ற நாள் முதலே அவர் எல்லையைக் கடந்து கடந்து பழகியவர் எனலாம்.

1978 இல் கனடாவின் எட்மண்டன் நகரில் நடந்த பொதுநலவாய விளையாட்டு விழாவில், பதினேழு வயதில், வட அயர்லாந்தின் சார்பில் அவர் தங்கப் பதக்கம் வென்றார். இவ்விழா முன்னாளில் பேரரசு விளையாட்டு விழா எனப் பெயர் பெற்றிருந்தது. 1938 இல் சிட்னியில் நடந்த அவ்விழாவிலேதான் நம் இலங்கைக்கு முதற் தங்கம் கிட்டியது. அதனை வென்று தந்த பார்னி ஹென்றிகசும் ஒரு குத்துச்சண்டை வீரரே. மக்குவிகனுடைய பயணத்தில் வேறொரு விந்தையும் உண்டு. 1978 இல் வட அயர்லாந்துக்காகச் சண்டையிட்டவர், 1980 இல் மொஸ்கோ ஒலிம்பிக்கில் அயர்லாந்துக்காகக் களமிறங்கினார். அங்கே சாம்பியா நாட்டு வீரரிடம் தோற்றார்.

1981 மே 10 ஆம் நாள் டப்ளினில் அவர் தொழில்முறை வீரராக முதன்முதல் களம் புகுந்தார். அதற்கு ஐந்து நாட்களுக்கு முன்னரே, சிறையில் உண்ணாவிரதம் இருந்த பொபி சாண்ட்ஸ் உயிர் துறந்திருந்தார். அவ்வாண்டில் அவரோடு சேர்த்துப் பதின்மர் அவ்வாறு இறந்தனர். இரு சாராருக்கும் இடையில் கசப்பு உச்சத்தை எட்டிய அந்த ஆண்டிலேயே, மக்குவிகன் தம் ஊரைச் சேர்ந்த புரட்டஸ்தாந்தப் பெண்ணை மணந்தார்.

பெல்பாஸ்ட் நகரைச் சேர்ந்த பார்னி ஈஸ்ட்வூட் அவருடைய முகாமையாளர் ஆனார். அந்நாளில் குத்துச்சண்டைக் களத்திற் புகும் வீரர் தம் நாட்டுக் கொடியைத் தாங்கி வருவதும், நாட்டுப் பண் இசைக்கப்படுவதும் வழக்கம். மக்குவிகன் எந்தக் கொடியை ஏந்தினாலும் பாதிப்பேர் மனம் புண்படும். ஆகையால் அவர் இரு கொடிகளையும் விலக்கிச் சமாதானப் புறாவைத் தம் சின்னமாகக் கொண்டார். நாட்டுப் பண்ணுக்குப் பதிலாக அவர் தந்தையே மேடையேறி, இரு சாராரும் விரும்பும் 'டானி போய்' என்னும் பாட்டைப் பாடினார்.

இது எளிய காரியமன்று. பிரித்தானியப் பட்டத்துக்குப் போட்டியிடுவதற்காக அவர் பிரித்தானியக் குடியுரிமை பெற்றபோது, தம்மவரிற் சிலரே அவரைத் துரோகி என ஏசினர். ஆயினும் 1983 இல் பிரித்தானியப் பட்டத்தையும், அதே ஆண்டு நவம்பரில் பெல்பாஸ்ட் கிங்ஸ் மண்டபத்தில் ஐரோப்பியப் பட்டத்தையும் அவர் வென்றார். அம்மண்டபத்துக்குக் கத்தோலிக்கர் வாழும் போல்ஸ் வீதியிலிருந்தும் மக்கள் வந்தனர். புரட்டஸ்தாந்தர் வாழும் சாங்கில் வீதியிலிருந்தும் வந்தனர். "சண்டையை மக்குவிகனிடம் விட்டுவிடுங்கள்" என்பது அக்காலத்து மக்கள் வாயில் வழங்கிய சொல்.

அவருடைய வாழ்வில் ஆறாத வடு ஒன்றும் உண்டு. 1982 யூன் 14 ஆம் நாள் இலண்டனில் யங் அலி என்ற நைஜீரிய வீரரை ஆறாம் சுற்றில் அவர் வீழ்த்தினார். விழுந்தவர் நினைவு திரும்பாமலே பல மாதங்கள் கிடந்து இறந்து போனார். களத்தின் விதிகளுக்கு அமைந்தே நடந்த சண்டைதான். எனினும் மக்குவிகன் மனமுடைந்து, இத்தொழிலையே விட்டுவிட எண்ணினார். நம் ஊர்களில் சீனடியும் சிலம்பமும் ஆடுவோர், எதிரே நிற்பவருக்கு மரியாதை செய்தே ஆட்டம் தொடங்குவர். எதிராளி பகைவன் அல்லன் என்பதே அதன் பொருள். தொழில்முறைக் குத்துச்சண்டையில் அந்த மரியாதை இருந்தாலும், தலையிற் படும் அடி அதனை அறியாது. ஒருவரைச் சமாதானத்தின் சின்னமாகப் போற்றும்போது, அவர் தொழிலின் இக்கொடுமையை மறைத்துப் பேசுதல் முறையாகாது.

1985 யூன் 8 ஆம் நாள் இலண்டன் லொப்டஸ் வீதி மைதானத்தில் அவருடைய பெரு நாள் வந்தது. எதிரே நின்றவர் பனாமா நாட்டு இயூசேபியோ பெட்ரோசா. இறகெடை எனப்படும் 126 இறாத்தற் பிரிவில் 1978 முதல் உலகப் பட்டத்தை வைத்திருந்தவர். பத்தொன்பது முறை அதனைக் காத்தவர். 25,000 பேருக்கு மேல் மைதானத்திற் கூடினர். ஏழாம் சுற்றில் பெட்ரோசா ஒருமுறை தரையில் வீழ்ந்தார். பதினைந்து சுற்றுகளும் முடிந்தபின் நடுவர் மூவரும் மக்குவிகனையே வெற்றியாளர் என்றனர். அந்த வெற்றியின் மகிழ்ச்சிக்கு நடுவிலும் அவர் யங் அலியை நினைவுகூர்ந்து, அவ்வெற்றியை அவருக்கே உரித்தாக்கினார்.

பட்டம் ஓராண்டே நிலைத்தது. இரு முறை அதனைக் காத்தபின், 1986 யூன் 23 ஆம் நாள் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில், பாலைவன வெயில் கொளுத்தும் திறந்த வெளியில், ஸ்டீவ் குரூஸ் என்பவரை எதிர்த்தார். பத்தாம் சுற்றில் ஒரு முறையும், இறுதிச் சுற்றில் இரு முறையும் வீழ்ந்து, புள்ளிக் கணக்கில் தோற்றார். உடலின் நீர் வற்றி மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார். அடுத்த ஆண்டு தந்தையும் காலமானார். 1988 இல் மீண்டும் களம் புகுந்தவர், 1989 இல் மான்செஸ்டரில் தோற்றதும் ஓய்வு பெற்றார். ஆடிய சண்டைகள் 35, வென்றவை 32.

இனி, இவ்வரலாற்றின் பயன் யாது? ஒரு குத்துச்சண்டை வீரர் வட அயர்லாந்தின் பிணக்கைத் தீர்த்து வைத்தார் என்று சொன்னால் அது மிகை. அவர் சண்டையிட்ட இரவுகள் கழிந்தபின் குண்டுகள் மீண்டும் வெடித்தன. 1998 ஏப்ரில் 10 ஆம் நாள் அரசியல் தலைவர்கள் உடன்பாடு கண்ட பின்னரே நிலையான அமைதிக்கு வழி பிறந்தது. மக்குவிகன் செய்தது வேறு. இரு சாராரும் ஒன்றாக மகிழ இயலும் என்பதை அவர்களுடைய கண்களுக்கே காட்டினார். அதற்கு அவர் தம் சமயத்தையோ ஊரையோ கைவிடவில்லை. பிறரைப் புண்படுத்தும் அடையாளத்தைக் களத்துக்குக் கொண்டு வராமல் இருந்தார், அவ்வளவே.

அவர் உலகப் பட்டம் வென்ற அதே 1985 இல், இரு மாதங்கள் முன்னர், ஏப்ரிலில், நம் கரையோரத்திலும் தீ மூண்டது. காரைதீவுப் பகுதியில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே கலவரம் நிகழ்ந்து வீடுகள் எரிந்தன. பிட்டும் தேங்காய்ப்பூவும் போல வாழ்ந்தோம் என்று பெரியோர் சொல்லிவந்த ஊர்கள் அவை. இன்றும் இறக்காமமும் மாணிக்கமடுவும், சாய்ந்தமருதும் காரைதீவும் நிந்தவூரும் அயலயலாகவே இருக்கின்றன. பிள்ளைகள் பந்தோடும் மட்டையோடும் மைதானங்களிற் கூடுகின்றனர். அம்மைதானங்களில் ஓர் ஊர் இளைஞர் வெல்லும்போது அடுத்த ஊராரும் எழுந்து கைதட்டுவார்களாயின், அதனை விளையாட்டுத்தானே என்று அற்பமாக எண்ணிவிடலாகாது. குளோன்ஸ் ஊர்க் கடைக்காரரின் மகன் தம் மக்களுக்குத் தந்ததும் அந்தக் கைதட்டலே.