திரும்பாத வள்ளமும் 'புதியதொரு வீடும்'

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கரையோர ஊர்களில் இறப்பு எப்போதும் உடலோடு வருவதில்லை. வீட்டில் இறந்தவனுக்குத் துடக்கு உண்டு, ஒப்பாரி உண்டு, எட்டுச் செலவும் அந்தியேட்டியும் உண்டு. வாடைக் காற்றிற் சென்ற வள்ளம் மீளாதபோதோ, இவற்றை எந்நாளிலிருந்து எண்ணுவது என்பதே தெரியாது போகிறது. ஏழாண்டு காலம் கேள்விப்படாதவனை இறந்தவனாகக் கருதுவதற்கு 1895 ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம் இடந்தந்தது. அவ்வேழாண்டும் அவன் துணைவி சட்டக் கணக்கில் மனைவி; ஊரார் கண்ணில் அரைக் கைம்பெண்.

இவ்விடர்ப்பாட்டையே பொருளாகக் கொண்டது மகாகவியின் 'புதியதொரு வீடு' என்னும் பாநாடகம். மகாகவி எனப்பட்ட து. உருத்திரமூர்த்தி (1927–1971) கடலை அண்டாத அளவெட்டியிற் பிறந்தவர். எனினும், நெய்தல் வாழ்வை இத்துணை நெருங்கிக் கண்ட பா ஈழத்தில் அரிது. மாயன் கடலுக்குச் செல்கிறான், புயல் எழுகிறது, அவன் மீளவில்லை. தம்பி மாசிலன் காலப்போக்கில் அண்ணி மயிலியை மணக்கிறான். பின்னர் ஒருநாள் மாயன் உயிரோடு வந்து நிற்கிறான்.

மேனாட்டாரும் இத்தகைய துயரை இசையாக்கியுள்ளனர். டெனிசனின் 'ஈனொக் ஆர்டன்' (1864) என்னும் கதைப்பாவுக்கு ரிச்சார்ட் ஸ்ட்ராவுஸ் 1897 இற் பியானோ இசை அமைத்தார். அதிலே மீண்டுவந்த கணவன், மறுமணம் புரிந்த மனைவியின் இல்லத்தைச் சாளரத்தினூடே கண்டு, தன்னை வெளிப்படுத்தாமலே விலகி மடிகிறான். அயர்லாந்தின் மேற்குத் தீவொன்றைக் களமாகக் கொண்ட சிங்கின் நாடகம் (1904) வோன் வில்லியம்சின் கையில் இசைநாடகமாகி 1937 இல் அரங்கேறியது. அங்கே, நீரிற் கிடைத்த பிணம் தமையனுடையதே எனத் தங்கை தெளிவது காலுறையிற் தவறவிட்ட பின்னல்களை எண்ணியே. அந்தச் சிறு கணக்கு, நூறு ஒப்பாரிகளினும் கொடியது.

மகாகவியின் நோக்கு வேறு. யாழ்ப்பாணப் பேச்சு வழக்கிற் 'செத்தவீடு' என்றும் 'கலியாண வீடு' என்றும் சாவையும் மணத்தையும் ஒரே சொல்லால் முடிக்கிறோம். தம் நாடகத்துக்கு அவர் சூட்டிய பெயரின் வலிமை இங்கேயே உள்ளது எனலாம்.

அ. தாசீசியஸ் நெறியாள்கையில் இந்நாடகம் மேடையேறியது. சிறு நண்டொன்றிலிருந்து தொடங்கும் அதன் முதற்பாடல், பின்னர் நாடகத்தினின்றும் பிரிந்து தனித்தும் பாடப்படலாயிற்று. கரைவலை இழுக்கையிற் பாடும் அம்பாப் பாடல் அன்று அது. அம்பாவில் ஒருவர் தொடங்கப் பலர் ஏற்பர், இழுவையே தாளம். மகாகவியோ, சோற்றுப் பொதியைக் கொடுத்தனுப்பும் பெண்ணின் அச்சத்தை அன்றாடச் செய்தியாகச் சொல்லி, அப்பாற் புயலைக் காட்டுகிறார். ஆகவே அதனைச் சோகப் பாட்டாக இழுத்துப் பாடுதல் பொருந்தாது. பாடுகின்ற வேளையில் எவரும் இன்னும் இறக்கவில்லையே!

மயிலியின் நிலை கடலோடு முடியவில்லை. 2009 இற் போர் ஓய்ந்தபின், தரையிலே காணாமற்போனோரின் துணைவியர் பலர் அதே முற்றத்தில் நின்றனர். இறந்தான் என்றும் இருக்கிறான் என்றும் கூறாத சான்றிதழ் ஒன்றுக்கு 2016 இற் சட்டம் வழிசெய்தது. மயிலியின் காலத்தில் அத்தகைய தாளும் இருக்கவில்லை.